எந்த வரியில் இடறுகிறது என்று சொல்லுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 6ஆம் வகுப்பு முதல் 8ஆம் வகுப்பு வரை 23 ஆண்டுகளாகக் கணிதம் கற்பித்துவருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் என் மகள் வேறொரு பள்ளியில் 8ஆம் வகுப்பு படித்தபோது, பெற்றோர்-ஆசிரியர் கூட்டத்தில் மேசைக்கு எதிர்ப்பக்கம் அமரும் அனுபவமும் எனக்கு வாய்த்தது. பருவத்தின் முடிவில் கைக்கு வந்த முன்னேற்ற அறிக்கையில், இயற்கணிதத்துக்கு நேராக '100க்கு 41' என்ற எண்ணும், 'இன்னும் பயிற்சி தேவை' என்ற மூன்று சொற்களும் இருந்தன. எதில் பயிற்சி, எங்கிருந்து தொடங்குவது என்று அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தும், அதே பாடத்தைப் பிழைப்பாகக் கொண்ட எனக்கே ஒன்றும் விளங்கவில்லை. கணிதத்தைப் பள்ளியோடு விட்டுவிட்டு வேறு வேலைகளுக்குப் போய்விட்ட பெற்றோருக்கு அந்தத் தாள் என்ன சொல்லியிருக்கும் என்ற கேள்விதான் இக்கடிதத்தை எழுதத் தூண்டியது.

அன்று மாலை அவளுடைய விடைத்தாளையும் வகுப்பு நோட்டையும் வைத்துக்கொண்டு வரிவரியாகப் படித்தேன். தவறாகியிருந்த 14 கணக்குகளில் 11 கணக்குகள் ஒரே இடத்தில்தான் தடம் மாறியிருந்தன. அடைப்புக்குறிக்கு முன்னால் கழித்தல் குறியோடு ஓர் எண் நின்றால், அந்தக் குறி உள்ளே இருக்கும் முதல் உறுப்பை மட்டுமே தொடும் என்று அவள் எண்ணியிருந்தாள். அறியாத எண்ணை 'க' என்று வைத்துக்கொள்வோம். 7 − 2(க − 4) = 5 என்ற சமன்பாட்டில், அடுத்த வரியை 7 − 2க − 8 = 5 என்று அவள் எழுதியிருந்தாள்; 8க்கு முன்னால் கூட்டல் குறி வந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு அவள் போட்ட ஒவ்வொரு படியும் சரியாக இருந்தது. ஆனால், 5 என்று வர வேண்டிய விடை −3 என்று வந்து நின்றது. இதைச் சீர்செய்ய எங்களுக்கு இரண்டு மாலைப்பொழுதுகளே தேவைப்பட்டன. அந்தப் பிழையின் முதல் தடயமோ, தேர்வுக்கு ஒன்பது வாரங்களுக்கு முன்பே நோட்டில் இருந்தது. அதன்மேல் சிவப்பு மையில் தவறு என்ற குறியும் போடப்பட்டிருந்தது. பள்ளிக்குத் தெரிந்திருந்த ஒன்று வீடு வந்து சேரவில்லை. அந்த ஆசிரியரை நான் குறைகூற மாட்டேன். என் வகுப்பிலிருந்து வீடுகளுக்குப் போன அறிக்கைகளும் அதுவரை அப்படித்தான் இருந்தன.

கூட்டல், கழித்தல், வாய்ப்பாடு என்ற அளவில் பிள்ளைகள் எங்கே நிற்கிறார்கள் என்பதைப் பெற்றோர் வீட்டிலேயே ஓரளவு கண்டுகொள்ள முடியும். வாய்விட்டுக் கேட்டால் தெரிந்துவிடும். எண்களுக்கு நடுவே எழுத்துகள் நுழைந்தவுடன் அந்தக் கண் மறைந்துபோகிறது. இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. கீழ்வகுப்புகளில் எந்தத் தொந்தரவும் தராமல் கிடந்த ஒரு தவறான எண்ணம், இயற்கணிதத்தில்தான் முதன்முறையாகக் காலை வாரிவிடும். சமக்குறியையே எடுத்துக்கொள்ளலாம். 1557இல் வேல்ஸ் நாட்டுக் கணித அறிஞர் ராபர்ட் ரெக்கார்டு அந்தக் குறியைத் தம் நூலில் அச்சிட்டபோது, ஒரே நீளமுள்ள இரண்டு இணைகோடுகளைவிடச் சமமான பொருள் வேறில்லை என்பதாலேயே அவற்றைத் தேர்ந்ததாக எழுதினார். அதாவது, இரு பக்கமும் ஒரே மதிப்பு என்பதே அதன் பொருள். ஆனால், ஐந்தாறு ஆண்டுகள் '3 + 5 =' என்று முடியும் கணக்குகளையே பார்த்து வளர்ந்த பிள்ளைக்குச் சமக்குறி என்றால் 'இனி விடையை எழுது' என்ற கட்டளை.

இது என் கற்பனை இல்லை. 1999இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், 8 + 4 = □ + 5 என்பதில் கட்டத்துக்குள் என்ன வரும் என்று 6ஆம் வகுப்பு மாணவர்கள் 145 பேரிடம் கேட்டார்கள். ஒருவர்கூட 7 என்று சொல்லவில்லை. பெரும்பாலோர் 12 என்றனர், சிலர் இருக்கும் எண்களையெல்லாம் கூட்டி 17 என்றனர். கூட்டல் தெரியாத பிள்ளைகள் அல்லர் அவர்கள். 2006இல் வெளியான வேறோர் ஆய்வு, சமக்குறியை 'இரு பக்கமும் ஒன்று' என்று புரிந்துகொண்ட நடுநிலை வகுப்பு மாணவர்களே சமன்பாடுகளைத் தீர்ப்பதிலும் மேலாக நின்றார்கள் என்று காட்டியது. என் வகுப்பிலும் ஆண்டுதோறும் இந்த ஒரு கேள்வியை முதல் வாரத்திலேயே கொடுத்துவிடுகிறேன்; அதற்கு 12 என்று எழுதும் பிள்ளை, சில வாரங்கள் கழித்து 5க + 2 = 3க + 10 என்பதன்முன் திகைத்து உட்காரும் என்பதை ஏறத்தாழ உறுதியாகச் சொல்லிவிடலாம். இதை முதல் வாரத்திலேயே வீட்டுக்குச் சொல்லாமல் பருவத் தேர்வு வரை பொத்தி வைப்பதற்கு எந்தக் காரணமும் இல்லை. (3 + 5 = 8 × 2 = 16 என்று ஒரே வரியில் ஓட்டி எழுதும் பழக்கம் பெற்றோரிடமும் உண்டு, சில நேரம் எங்களிடமும் உண்டு என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.)

ஒரே மதிப்பெண்ணுக்குப் பின்னால் எத்தனை விதமான பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதையும் பெற்றோர் அறிய வேண்டும். 25க்கு 12 வாங்கிய மூவரை நினைத்துப் பாருங்கள். முதலாவது பிள்ளைக்குக் கருத்து எல்லாம் தெளிவு. குறை எண்களில் மட்டும் கை தவறுகிறது. இரண்டாவது பிள்ளை 3 + 4க என்பதை 7க என்று எழுதுகிறது. முடிவில் ஒற்றை விடை வந்தே தீர வேண்டும் என்று நினைப்பதால், கூட்டல் குறி நடுவில் நிற்பதை அதனால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. மூன்றாவது பிள்ளை, எழுதிக் கொடுத்த சமன்பாட்டைப் பிழையின்றித் தீர்த்துவிடும். ஆனால், நான்கு வரி வாக்கியக் கணக்கைக் கொடுத்தால், அதிலிருந்து சமன்பாட்டை உருவாக்கத் தெரியாமல் விழிக்கும். முதல் பிள்ளைக்குக் குறை எண்களில் ஒரு வாரப் பயிற்சி போதும். இரண்டாவதற்குப் பயிற்சியே கூடாது. முதலில் பேச வேண்டும், ஏனென்றால் தவறான எண்ணத்தோடு போடும் ஐம்பது கணக்குகள் அந்த எண்ணத்தையே இறுக்கிவிடும். மூன்றாவதற்கு வேண்டியது நிதானமாக வாசிக்கும் பழக்கம். மூவரின் அறிக்கையிலும் இப்போது இருப்பது 12 என்ற எண் மட்டுமே. மூவருடைய பெற்றோரும் செய்யப்போவதும் ஒன்றே: டியூஷன் சேர்ப்பார்கள், அங்கே மூவருக்கும் ஒரே பயிற்சித்தாள் கிடைக்கும்.

மூன்றாவது வகைத் தடுமாற்றத்தை அலட்சியம் என்று பெற்றோர் பலர் தவறாகக் கொள்வதால் ஒன்று சொல்ல விரும்புகிறேன். 'ஓர் இடத்தில் ஆசிரியர்களைப் போல் 6 மடங்கு மாணவர்கள் இருக்கிறார்கள்' என்பதைச் சமன்பாடாக எழுதச் சொன்னால், மாணவர் எண்ணிக்கையை 'ம' என்றும் ஆசிரியர் எண்ணிக்கையை 'ஆ' என்றும் கொண்டு, வாக்கியத்தில் சொற்கள் வரும் தோரணையிலேயே 6ம = ஆ என்று எழுதிவிடத் தோன்றும். சரியானது ம = 6ஆ. 1980களின் தொடக்கத்தில் வெளியான ஆய்வொன்றில், கல்லூரியில் பொறியியல் படித்த முதலாண்டு மாணவர்களிலேயே 37 விழுக்காட்டினர் இதைத் தவறாக எழுதினார்கள். அவர்களே இடறிய இடத்தில் பதின்மூன்று வயதுப் பிள்ளை இடறினால் அதைக் கவனக்குறைவு என்று திட்டுவது நியாயமாகாது. அந்த எழுத்து, ஆளைக் குறிக்கிறதா, ஆள்களின் எண்ணிக்கையைக் குறிக்கிறதா என்பதே அங்கே கேள்வி.

இப்போதெல்லாம் பெற்றோருக்குத் தகவலே வருவதில்லை என்று சொல்வதற்கில்லை. பல பள்ளிகளில் செயலி வழியாக மதிப்பெண்ணும் வருகையும் அன்றாடம் கைபேசிக்கு வந்துவிடுகின்றன. அதன் பயனை நான் மறுக்கவும் மாட்டேன். அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில், விடுபட்ட வீட்டுப்பாடங்கள், மதிப்பெண்கள், வகுப்புக்கு வராத நாள்கள் ஆகியவற்றை வாரந்தோறும் தானியங்கிக் குறுஞ்செய்தியாகப் பெற்றோருக்கு அனுப்பிப் பார்த்தார்கள். 2021இல் வெளியான அதன் முடிவுகளின்படி, பாடங்களில் தோல்வியடைவது 28 விழுக்காடு குறைந்தது, வகுப்பு வருகை 12 விழுக்காடு கூடியது. சிறிய செலவில் கிடைத்த பெரிய பலன்தான். ஆனால், மாநிலப் பொதுத்தேர்வு மதிப்பெண்களில் எந்த மாற்றமும் ஏற்படவில்லை என்பதையும் அதே ஆய்வு சொல்கிறது. எனக்கு இதில் முரண்பாடு எதுவும் தெரியவில்லை. 'வீட்டுப்பாடம் கொடுக்கப்படவில்லை' என்ற செய்தி பிள்ளையை மேசைக்கு முன்னால் கொண்டுவந்து உட்கார வைக்கும். உட்கார்ந்தபின் 7 − 2(க − 4) என்பதை எப்படி விரிப்பது என்று அந்தச் செய்தி சொல்லாது.

ஆகவே நான் பரிந்துரைப்பது, இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை வீட்டுக்குப் போகும் அரைப்பக்கக் குறிப்பு. வகுப்பில் இப்போது நடப்பது என்ன, உங்கள் பிள்ளை தானாகச் செய்யக்கூடியது எது, எந்த இடத்தில் இடறுகிறது என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். இடறும் இடத்துக்குப் பிள்ளையின் நோட்டிலிருந்தே ஒரு வரியை அப்படியே எடுத்து எழுதி, அதன் கீழே சரியான வரியையும் எழுத வேண்டும். இந்த எடுத்துக்காட்டு வரிதான் குறிப்பின் உயிர். முதன்முதலில் நான் இதைத் தொடங்கியபோது அதை விட்டுவிட்டு, 'பங்கீட்டுப் பண்பில் குறைபாடு உள்ளது' என்று பாடநூல் தமிழில் எழுதி அனுப்பினேன். மறுநாள் காலை ஒரு தந்தை பதற்றத்தோடு வந்து, "ஐயா, இதற்கு மருத்துவரிடம் காட்ட வேண்டுமா?" என்று கேட்டார். சிரிக்கத் தோன்றவில்லை, வெட்கமாக இருந்தது. அதன்பின் கலைச்சொல் ஒன்றுகூட இல்லாமல், 'அடைப்புக்குறிக்கு வெளியே உள்ள எண்ணை உள்ளே இருக்கும் இரண்டாலும் பெருக்க வேண்டும். இவர் முதலாவதோடு நிறுத்திவிடுகிறார்' என்று எழுதக் கற்றுக்கொண்டேன்.

நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்புக்கு இது நடக்கிற காரியமா என்று சக ஆசிரியர்கள் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்வியே. நான்கு பிரிவுகளுக்குப் பாடம் எடுக்கும் ஒருவரிடம் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியே கடிதம் எழுதச் சொன்னால், இரண்டாம் முறையே அது நின்றுபோகும். நான் செய்வது இவ்வளவுதான்: ஐந்தே கணக்குகள் கொண்ட சிறுதேர்வு ஒன்றைப் பத்து நிமிடங்களில் முடித்து, தாள்களைத் திருத்தும்போது மதிப்பெண் போடாமல், தவறின் வகைப்படி அடுக்கிவிடுவேன். பிழைகள் பிள்ளைகளைப் போல் ஆளுக்கொரு விதமாக இருப்பதில்லை. நாற்பது தாள்கள் பெரும்பாலும் ஐந்தாறு அடுக்குகளில் அடங்கிவிடும். அடுக்குக்கு ஒரு குறிப்பு எழுதி நகலெடுத்தால் போதும், எடுத்துக்காட்டு வரியை மட்டும் அவரவர் தாளிலிருந்து எழுதிக்கொள்ளலாம். எந்த அடுக்கிலும் சேராத இரண்டு மூன்று தாள்களுக்கே தனியாக நேரம் வேண்டும். ஒரு பிரிவுக்கு ஒரு மணி நேரம் ஆகும். இந்த நேரத்தைக் கால அட்டவணையிலேயே ஒதுக்கித் தர வேண்டும். ஆசிரியரின் இரவிலிருந்து அதை எடுத்துக்கொள்ளக் கூடாது. இதில் பள்ளித் தலைமை இரங்காவிட்டால் நான் சொல்வது எல்லாம் வெறும் பேச்சாகவே போகும்.

அந்தக் குறிப்பில் மதிப்பெண் இருக்கக் கூடாது என்பது என் பிடிவாதம். 1988இல் வெளியான ஆய்வொன்றில் 5, 6ஆம் வகுப்பு மாணவர்களில் ஒரு குழுவினருக்கு மதிப்பெண் மட்டும், இன்னொரு குழுவினருக்குக் கருத்துரை மட்டும், மூன்றாவது குழுவினருக்கு இரண்டும் கொடுத்துப் பார்த்தார்கள். கருத்துரை மட்டும் பெற்றவர்களிடம் அடுத்த வேலையில் முன்னேற்றமும் ஆர்வமும் தெரிந்தன. கருத்துரையோடு மதிப்பெண்ணும் பெற்றவர்களிடம் அந்தப் பலன் காணவில்லை. எண்ணைப் பார்த்த கண் எழுத்துக்குத் திரும்புவதில்லை. பெற்றோரிடமும் இதையே பார்த்திருக்கிறேன். பக்கத்து வீட்டுப் பிள்ளை எத்தனை வாங்கியது என்ற கேள்வி எழுந்துவிட்டால், அரைப்பக்கக் குறிப்பை யார் படிப்பார்கள்? பருவ இறுதியில் மதிப்பெண் வரத்தான் போகிறது, வரட்டும். நடுவில் வரும் குறிப்பாவது அதிலிருந்து தப்பட்டும்.

பெற்றோரை வீட்டு ஆசிரியர்களாக மாற்றுவதும் என் நோக்கமன்று. கணிதத்தைக் கண்டு அஞ்சும் பெற்றோர் அடிக்கடி வீட்டுப்பாடத்தில் உதவியபோது, அவர்களுடைய பிள்ளைகள் அந்த ஆண்டில் குறைவாகவே கற்றார்கள் என்றும், கணித அச்சமும் அவர்களைத் தொற்றிக்கொண்டது என்றும் 1, 2ஆம் வகுப்புக் குழந்தைகளிடம் நடத்தப்பட்டு 2015இல் வெளியான ஆய்வு கண்டது. மேல்வகுப்புகளில் முறைகளின் மோதலும் சேர்ந்துகொள்கிறது. வகுப்பில் நாங்கள் 'இரு பக்கத்திலிருந்தும் 3ஐக் கழிப்போம்' என்று காரணத்தோடு சொல்லிக்கொண்டிருக்கும்போது, வீட்டில் 'அந்தப் பக்கம் போனால் குறி மாறும், அவ்வளவுதான்' என்று அப்பா முடித்துவிடுவார். இரண்டும் ஒரே விடையைத் தரும் என்பது உண்மை. ஆனால், இரண்டுக்கும் நடுவில் நிற்கும் பிள்ளை, பெருக்கிக்கொண்டிருந்த எண்ணையும் குறி மாற்றி அந்தப் பக்கம் அனுப்பத் தொடங்கிவிடும்.

பெற்றோரிடம் நான் கேட்பது, பாடமே தெரியாவிட்டாலும் கேட்கக்கூடிய இரண்டு கேள்விகள். முதலாவது, "இந்த வரியிலிருந்து அடுத்த வரி எப்படி வந்தது, சொல்லு பார்ப்போம்." சொல்லும்போதே பாதிப் பிழைகள் பிள்ளையின் கண்ணில் பட்டுவிடும். இரண்டாவது, "வந்த விடையைக் கணக்கில் வைத்துப் பார்த்தாயா?" என் மகளுடைய கணக்கில் −3 என்ற விடையைக் 'க' இருக்கும் இடத்தில் வைத்திருந்தால், இடப்பக்கம் 21 என்று வந்திருக்கும், 5 வர வேண்டிய இடத்தில் 21 வந்தால் எங்கோ தவறு என்று அறிய இயற்கணிதம் வேண்டியதில்லை. இவ்வளவு எளிதாகத் தன்னைத் தானே சோதித்துக்கொள்ளும் வசதி வேறு பாடங்களில் அரிது. இருந்தும், கணக்கு முடிந்ததும் நோட்டை மூடுகிற பழக்கத்தையே நாம் வளர்த்திருக்கிறோம். எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோருக்கும் இவ்விரு கேள்விகளை இரண்டு நிமிடத் தொலைபேசி உரையாடலில் சொல்லிவிட முடியும். அவர்கள் மற்றவர்களைவிட ஒழுங்காக இதைக் கேட்டுவிடுகிறார்கள் என்பது நான் கண்டது.

இன்னொன்று, பிள்ளைக்குத் தெரியாமல் எந்தக் குறிப்பும் வீட்டுக்குப் போகக் கூடாது. பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் தன் முதுகுக்குப் பின்னால் ஆசிரியரும் பெற்றோரும் பேசிக்கொள்கிறார்கள் என்று தோன்றினால், பிள்ளை நோட்டை மறைக்கத் தொடங்கும். நோட்டு மறைந்துவிட்டால் எங்கள் இருவருக்கும் வழியில்லை. அதனால் இப்போதெல்லாம் குறிப்பின் ஒரு பகுதியை மாணவர்களையே எழுதச் சொல்கிறேன். "எழுத்து இரண்டு பக்கமும் இருந்தால் எதை முதலில் நகர்த்துவது என்று எனக்குக் குழப்பமாக இருக்கிறது" என்று சென்ற ஆண்டு ஒரு மாணவி எழுதியிருந்தாள். அதைவிடத் துல்லியமாக நான் எழுதியிருக்க மாட்டேன். கையொப்பம் மட்டும் போட்டு அனுப்பினேன். அந்தக் குழப்பம் தீர்ந்ததும், 'இப்போது தானாகவே செய்கிறார்' என்ற ஒரே வரியும் போனது. தடங்கலைச் சொல்லும் அளவுக்குத் தடங்கல் நீங்கியதை நாம் சொல்வதில்லை. பள்ளியிலிருந்து எது வந்தாலும் வீட்டில் எல்லோரும் முகம் இறுகிப் பார்ப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

முன்னேற்ற அறிக்கையின் படிவம் முழுவதும் மாறும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. இயற்கணிதத்துக்கென இப்போதுள்ள ஒற்றைக் கட்டத்தை நான்காகப் பிரித்தாலே போதும்: குறை எண்களும் பின்னங்களும், அடைப்புக்குறியை விரித்தலும் ஒத்த உறுப்புகளைச் சேர்த்தலும், சமன்பாட்டைத் தீர்த்தல், வாக்கியக் கணக்கைச் சமன்பாடாக்குதல். ஒவ்வொன்றிலும் 'தானாகச் செய்கிறார்', 'துணையோடு செய்கிறார்', 'இன்னும் பிடிபடவில்லை' என்று மூன்றில் ஒன்றைக் குறித்தால், 25க்கு 12 வாங்கிய அந்த மூவரும் மூன்று வேறு பிள்ளைகளாகப் பெற்றோர் கண்ணுக்குத் தெரிவார்கள். அடுத்த பருவத்துக்கான படிவங்கள் அச்சுக்குப் போகும் முன்பே தலைமையாசிரியர்கள் இதைப் பரிசீலிக்க வேண்டும் என்றும், வரும் கூட்டத்தில் பெற்றோர் தம் பிள்ளையின் கணித நோட்டையும் கையோடு எடுத்துச்சென்று, எந்த வரியில் தடம் மாறுகிறது என்று ஆசிரியரிடம் விரல்வைத்துக் காட்டச் சொல்ல வேண்டும் என்றும் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள வாசகர்,
கணித ஆசிரியர் ஒருவர்